இதயத்துக்கு உண்டு, காலுக்கு இல்லை: விலைக் கட்டுப்பாட்டில் விடுபட்ட ரத்தக்குழாய் அடைப்பு

புதுதில்லி: இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கப் பொருத்தப்படும் ஸ்டென்டுகளுக்கு 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விதித்தது. மருந்து பூசிய ஸ்டென்டின் விலை ரூ.29,600 ஆகவும், மருந்து பூசாததன் விலை ரூ.7,260 ஆகவும் நிர்ணயிக்கப்பட்டன. அதற்கு முன்னர் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி விற்கப்பட்ட ஸ்டென்டுகளும் இருந்தன. நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெரும் ஆறுதலாக அமைந்த அந்த முடிவு, அதே நோய் காலைத் தாக்கும்போது பயன்படுவதில்லை.

காலுக்கு ரத்தம் கொண்டு செல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து பாதை குறுகுவதே இந்நோய். சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் வலி எடுக்கும், நின்றால் தணியும். மூப்பின் விளைவு என்று இதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. அடைப்பு முற்றினால் படுத்திருக்கும்போதும் வலிக்கும். விரல்களில் ஆறாத புண் தோன்றும். இறுதியில் திசு அழுகிக் காலை அகற்ற நேரிடும். நீரிழிவால் உணர்ச்சி மரத்த கால்களில் வலியெனும் எச்சரிக்கைகூட இராது.

சர்க்கரை நோயும் புகையிலையுமே இதன் முதன்மைக் காரணங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளது. 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் வயது வந்தோரில் 28.6 சதவீதத்தினர் புகையிலை பயன்படுத்துவது தெரியவந்தது. ஆகவே, இந்த நோயைச் சிலருக்கு மட்டுமே வருவதெனத் தள்ளிவிட முடியாது.

சிகிச்சையில் முன்னேற்றம் இல்லாமல் இல்லை. பெரும்பாலும் தொடை இடுக்கில் சிறு துளையிட்டு, மெல்லிய கம்பியை அடைப்பின் ஊடே செலுத்தி, பலூனை விரித்துப் பாதையைத் திறக்கின்றனர். தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைக்கின்றனர். உடலைக் கீறாமல், உணர்வு மரக்கச் செய்யும் ஊசியுடனேயே பெரும்பாலும் இது முடிந்துவிடும்.

இம்முறை பிறந்ததே காலில்தான் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், காலை அகற்ற மறுத்த 82 வயது மூதாட்டியின் தொடைத் தமனி அடைப்பைக் கதிரியக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர் குழாய் செலுத்தித் திறந்தார். அந்தக் கால் காப்பாற்றப்பட்டது. பலூன் முறையை உருவாக்கிய ஆண்ட்ரியாஸ் குருயென்ட்ஸிக்கும் 1974-இல் முதலில் காலிலேயே அதைப் பயன்படுத்தினார். இதயத்தில் செய்தது 1977-இல்தான். மருத்துவம் காலிலிருந்து இதயத்துக்குச் சென்றது. நமது கொள்கையோ இதயத்தோடு நின்றுவிட்டது.

2022 நவம்பரில் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஸ்டென்டுகள் மீண்டும் சேர்க்கப்பட்டபோதும், இதயத்துக்கானவையே இடம்பெற்றன. மருத்துவச் சாதனங்கள் அனைத்தும் 2020 ஏப்ரல் முதல் மருந்து என்ற வரையறைக்குள் வந்துள்ளதால், அவற்றின் அதிகபட்ச சில்லறை விலையை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த இயலாது. ஆனால், தொடக்க விலையே அதிகமாக இருந்தால் இந்தக் கட்டுப்பாட்டால் நோயாளிக்கு என்ன பயன்?

விலை வரம்பு மட்டுமே தீர்வாகிவிடாது என்பதும் உண்மை. கால் தமனிகளின் நீளமும் விட்டமும் இடத்துக்கு இடம் மாறுவதால் சாதன வகைகள் அதிகம். 2017-க்குப் பின் சில நிறுவனங்கள் தங்கள் ஸ்டென்டுகளைத் திரும்பப் பெற அனுமதி கோரியதையும் மறந்துவிடலாகாது. மேலும், பலூன் சிகிச்சை எல்லோருக்கும் ஏற்றதல்ல. முழங்காலுக்குக் கீழே மீண்டும் அடைப்பு ஏற்படுவது வழக்கம். நல்ல நரம்பு கிடைக்கும் நோயாளிகளுக்கு மாற்றுப்பாதை அறுவைச் சிகிச்சை மேலான பலன் தருவதாக 2022-இல் ஒரு பெரிய ஆய்வு கூறியது. முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட அடைப்புகளில் 2023-இல் வெளியான மற்றோர் ஆய்வு பலூன் முறைக்கே சாதகமாக அமைந்தது. இரண்டையும் அறிந்த மருத்துவரே முடிவெடுக்க வேண்டும். அத்தகையோர் பெருநகரங்களிலேயே குவிந்துள்ளனர்.

உண்மையான குறை, நோயைக் கண்டறிவதில்தான் தொடங்குகிறது. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டாலே அடைப்பை ஊகிக்க முடியும். கணுக்கால் அளவு கையளவில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கீழ் இருந்தால் எச்சரிக்கை. இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. எனினும், 30 வயதைக் கடந்தோருக்கான தேசியப் பரிசோதனைத் திட்டம் ரத்த அழுத்தம், சர்க்கரை, மூவகைப் புற்றுநோய் ஆகியவற்றை மையமாகக் கொண்டே வகுக்கப்பட்டது. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடோ மருத்துவமனையில் சேர்ந்த பின்னரே உதவுகிறது. அதற்குள் பலருக்குப் புண் முற்றிவிடும்.

காலை இழந்தோருக்குச் செயற்கைக் கால் வழங்க மத்திய அரசிடம் திட்டமும், கான்பூரில் பொதுத்துறை நிறுவனமும் உள்ளன. அது வரவேற்கத்தக்கதே. ஆனால், சர்க்கரை நோயாளியின் பாதத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் தொட்டுப் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பணித்தால், அந்தச் செயற்கைக் கால்களில் ஒரு பகுதியேனும் தேவைப்படாமல் போகும். சுகாதார அமைச்சகம் இதைச் சிந்திக்குமா?