சூழ்நிலை தானாகப் பேசுமா?

"சாட்சி பொய் சொல்வான், சூழ்நிலை பொய் சொல்லாது." நேரில் பார்த்த சாட்சி இல்லாத கொலை வழக்கென்றால் அரசுத் தரப்பு தவறாமல் எடுத்து வீசும் வாசகம் இது. தீர்ப்புகளுக்குள்ளும் ஏறி உட்கார்ந்துவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சூழ்நிலை தானாகக் கூண்டேறி நிற்பதில்லையே. அதையும் ஓர் ஆள்தானே கூட்டிவர வேண்டும்?

முட்புதரில் கிடைத்த அரிவாளை எடுத்துக்கொள்வோம். அது அங்கேதான் கிடைத்தது என்பதற்கு ஆதாரம் மகஜர். மகஜருக்கு ஆதாரம் அதில் கையெழுத்திட்ட இரண்டு பேர். நம் ஊர் வழக்குகளில் அவர்களில் ஒருவர் பல நேரம் கிராம நிர்வாக அலுவலராக இருப்பார். சில வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரே அவரைத் தேடிப் போய் ஒப்புக்கொண்டதாகவும் வரும். முன்பின் பழக்கமில்லாத அதிகாரியிடம் போய் ஏன் மனம் திறந்தார் என்று குறுக்கு விசாரணையில் கேட்டுவிட்டால் சாட்சியச் சங்கிலியின் அந்தக் கண்ணி ஆட ஆரம்பித்துவிடும்.

போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது, பொருளைக் காட்டிக்கொடுத்த பகுதி மட்டும் செல்லும் என்பது சட்டம். அன்று பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 23ஆம் பிரிவு. மதராஸ் மாகாணத்திலிருந்து லண்டன் வரை போன புலுகூரி கோட்டயா வழக்கில் பிரிவி கவுன்சில் இதற்குக் கோடு கிழித்துத் தந்தது. வைக்கோல்போரில் ஈட்டியை ஒளித்தேன் என்பது ஏற்கத்தக்கது. அதனோடு சேர்த்துச் சொன்ன கொலைக் கதை ஏற்கத்தக்கதல்ல.

அடுத்து, "இத்தனை விஷயங்கள் தற்செயலாகவா பொருந்தும்?" என்பார்கள். பொருத்துவது நம் மனம் என்பதை மறந்து கேட்கும் கேள்வி. துண்டுகளை இணைப்பதில் மனதுக்கு ஒரு சுகம் உண்டு. இல்லாத துண்டைத் தானே செதுக்கிக்கொள்ளவும் அது தயங்காது. 1838இல் ஓர் ஆங்கிலேய நீதிபதி ஜூரிகளுக்குத் தந்த இந்த எச்சரிக்கையை நம் உச்ச நீதிமன்றம் 1952இல் ஹனுமந்த் வழக்கில் எடுத்தாண்டது. அது கொலை வழக்குகூட அல்ல, போலி ஆவண வழக்கு.

அந்த எச்சரிக்கையின் அருமை 1984இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் தெரிந்தது. புனேயில், மணமாகிச் சில மாதங்களே ஆன பெண் சயனைடால் இறந்திருந்தார். கணவருக்கு விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தப் பெண் எழுதிய கடிதங்களில் கணவர் வீட்டின் கொடுமையைக் கண்டது அரசுத் தரப்பு. அதே கடிதங்களில் வாழ்வு வெறுத்துப்போன ஒரு மனதையும் கண்டது உச்ச நீதிமன்றம். தற்கொலைக்கு இடமிருக்கும்போது கொலை என்று எப்படி முடிவு கட்டுவது? கணவர் விடுதலையானார். ஒவ்வொரு சூழ்நிலையும் முழுமையாக நிரூபணமாக வேண்டும், அவை குற்றத்தோடு மட்டுமே பொருந்த வேண்டும், வேறெந்த நியாயமான விளக்கத்துக்கும் இடமிருக்கக் கூடாது, சங்கிலி அறாதிருக்க வேண்டும் என்றெல்லாம் இன்றும் நீதிமன்றங்கள் எடுத்துக்காட்டும் ஐந்து நிபந்தனைகள் அந்தத் தீர்ப்பில் வந்தவையே.

"அவர்தான் விளக்கமே சொல்லவில்லையே" என்பது இன்னொரு வாதம். நான்கு சுவருக்குள் மனைவி இறந்து கிடந்தால் கணவர் வாய் திறக்கத்தான் வேண்டும். பழைய 106ஆம் பிரிவு, இன்றைய 109ஆம் பிரிவு, அதற்கானது. ஆனால் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு நிறுவிய பிறகே அந்தப் பிரிவுக்கு வேலை. பொய் விளக்கம்கூட முழுமையான சங்கிலிக்கு வலு சேர்க்குமே தவிர, விடுபட்ட கண்ணியை நிரப்பாது.

எதிர்த்தரப்பின் கையிலுள்ள வலுவான சீட்டு லாகூ வழக்கு. 1956இல் புனேயிலிருந்து பம்பாய்க்கு ரயிலில் தன்னோடு வந்து மயங்கிக் கிடந்த பெண்ணை, டாக்டரான லாகூ வேறு பெயரில் மருத்துவமனையில் சேர்த்தார். அந்தப் பெண் இறந்தார். லாகூ உடலைக் கேட்கவில்லை; அந்தப் பெண் உயிரோடிருப்பதாக உறவினர்களை நம்பவைத்துச் சொத்துகளைச் சுருட்டினார். உடலில் விஷம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் 1960இல் உச்ச நீதிமன்றம் தூக்குத் தண்டனையை உறுதி செய்தது. என் கருத்திலும் அது சரியான தீர்ப்பே. அந்த நடத்தைக்கு வேறு விளக்கம் எனக்கு எட்டவில்லை.

ஆனால் அந்த அமர்வில் மூன்று நீதிபதிகள் இருந்தார்கள். கபூரும் இதயதுல்லாவும் கொலை என்றார்கள். அதே கோப்பை, அதே சூழ்நிலைகளைப் படித்த ஏ.கே. சர்க்கார், அது இயற்கைக்கு மாறான மரணம் என்பதே நிரூபணமாகவில்லை என்று எழுதினார்.