எக்ஸ்ரே சரியாக இருந்தால் போதுமா?

நம் சங்கத்துப் பெரியவர்கள் பலர் ஆண்டுதோறும் உடற்பரிசோதனை செய்துகொண்டு, "மார்பு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்று நிம்மதி அடைகிறார்கள். இருபது ஆண்டுகள் தினம் ஒரு பாக்கெட் சிகரெட் ஊதியவருக்கு அந்த நிம்மதி ஆகாது. சிறு கட்டி எக்ஸ்ரேயில் தப்பிவிடும். 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிடக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது.

பழைய காசநோய்த் தழும்பும் ஸ்கேனில் புள்ளியாகத் தெரியலாம். உடனே பதற வேண்டாம். (அதற்காக ஸ்கேனே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல.)

2016-இல் மத்திய அரசு வகுத்த பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்கள்தான் இடம்பெற்றன. நுரையீரலுக்கு நாமேதான் கேட்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர்களே, புகையை விட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தாலும் டாக்டரிடம் கணக்கை மறைக்காதீர்கள். மனைவி பக்கத்தில் இருக்கிறாரே என்று, "எப்போதாவது ஒன்று" என இழுக்க வேண்டாம். அவருக்குத் தெரியாததா?