தப்பியவர் இரத்தத்தையும் சோதியுங்கள்!

தஞ்சை வயலில் தண்ணீர் நின்றால் நெல் விளையும். கூடவே கொசுவும் விளையும்!

அந்த வயல் கொசுக்களில் ஒரு வகை, ஜப்பானிய மூளைக் காய்ச்சலைப் பரப்பக் கூடியது. பன்றியிடமும் கொக்கிடமும் உள்ள வைரஸ் கிருமியை அது மனிதனுக்குக் கொண்டு வருகிறது. இந்தியாவில் இந்த நோய் முதலில் தெரிய வந்தது 1955-ஆம் ஆண்டு, வேலூரில். மூளை பாதித்துப் படுத்தவர்களில் 100-க்கு 30 பேர் வரை இறக்கிறார்கள். பெரும்பாலும் குழந்தைகள்.

ஆனால், கிருமி புகுந்த சுமார் 250 பேரில் ஒருவர்தான் இப்படிப் படுக்கிறார். மற்றவர்கள்? வழக்கம் போல வயலுக்குப் போகிறார்கள்! அவர்களைக் காப்பாற்றியது எது? டாக்டர்கள் படுத்தவரைப் பார்க்கிறார்கள். தப்பியவரையும் பார்க்க வேண்டும்.

கொல்லும் அணு

இரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகைக்கு வேலையே கொலைதான். கிருமி புகுந்த உயிரணுவைத் தேடிப் பிடித்து, துளை போட்டுக் கொன்று விடும். எத்தனை கொன்றது என்று எப்படி அளப்பது?

நெல் மூட்டை கிழிந்தால் நெல் சிந்தும். சிந்தியதை மரக்காலால் அளந்தால், எத்தனை மூட்டை கிழிந்தது என்று சொல்லி விடலாம். ஆய்வுக்கூடத்திலும் இதே கணக்குதான். கிருமி புகுந்த உயிரணுக்களில் கதிர் வீசும் குரோமியத்தை ஏற்றுகிறார்கள். வெளியே ஒட்டியதைக் கழுவி விட்டு, கொல்லும் அணுக்களைச் சேர்க்கிறார்கள். சில மணி நேரம் கழித்து, மேலே நிற்கும் நீரை மட்டும் எடுத்து, சிந்திய குரோமியத்தைக் கருவியால் அளக்கிறார்கள். நல்ல மூட்டையிலும் தையல் வழியே கொஞ்சம் ஒழுகும் அல்லவா? அதைக் கழித்து விட வேண்டும். கழிக்காத கணக்கு கள்ளக் கணக்கு!

எலியும் மனிதனும்

பெங்களூரில் முரளிகிருஷ்ணா, ரவி, மஞ்சுநாத் ஆகிய விஞ்ஞானிகள் சுண்டெலிகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். கொல்லும் அணுக்களை எலிகளுக்குக் கொடுத்து, மூளையில் கிருமியைச் செலுத்தினார்கள். வளர்ந்த எலிகளுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. பிறந்த குட்டிகளுக்குக் கிடைக்கவில்லை. இந்த முடிவு வெளிவந்தது 1996-இல். கொல்லும் அணு தன் இரையை எப்படி அடையாளம் காண்கிறது என்று ஆஸ்திரேலியாவில் கண்டறிந்த டோஹர்ட்டி, சிங்கர்நாகல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

எலிக்கு நடந்தது குழந்தைக்கும் நடக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. மனித இரத்தம் வேண்டும். தென்னிந்தியாவில் நோய் பரவும் பகுதியில் நலமாக வாழ்பவர்களின் இரத்தத்தைப் பெங்களூர் விஞ்ஞானிகள் சோதித்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். நல்ல ஆரம்பம்!

அது தஞ்சையிலும் தொடர வேண்டும். 1959 முதல் இங்கே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வயலும் கொக்கும் வாசலிலேயே இருக்கின்றன. குறிப்பிட்ட சில கிராமங்களில், ஊசி போட்ட பிள்ளை, போடாமலே தப்பிய பெரியவர் இருவரின் இரத்தத்தையும் ஆண்டுதோறும் சோதிக்கட்டும். ஊசியின் பலன் எத்தனை ஆண்டு நிற்கிறது என்பதும் தெரியும். செலவுதான். ஆனால் படுக்கையில் கிடக்கும் பிள்ளைக்கு ஆகும் செலவை யார் கணக்குப் பார்க்கிறார்கள்? கதிர் வீசும் பொருளுக்குப் பயந்தால், ஒளிரும் சாயமும் இப்போது உண்டு.

ஆராய்ச்சி முடியட்டும் என்று தாய்மார்கள் காத்திருக்கக் கூடாது. நோய் பரவும் மாவட்டங்களில் 9 மாதம் முடிந்ததும் முதல் ஊசி, ஒன்றரை வயதை ஒட்டி இரண்டாவது ஊசி. அரசு இலவசமாகவே போடுகிறது.