ஃபேன் எங்கே இருக்கு?

ஒரு கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களுக்கு மாதிரி இன்டர்வியூ. கேள்வி கேட்கிற வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஒரு படத்தைக் காட்டுவோம். அதில் என்னென்ன இருக்குன்னு ஆங்கிலத்தில் சொல்லணும். படத்தில் ஒரு சாப்பாட்டு மேசை, அதில் தட்டுகள், சுற்றி நாலு நாற்காலி, மேலே சீலிங் ஃபேன்.

ஒரு தம்பி நல்லாத்தான் ஆரம்பிச்சார். நடுவில், 'தேர் இஸ் எ ஃபேன் ஆன் த டேபிள்' என்றார். பக்கத்தில் இருந்தவர், 'டேபிள் ஃபேனா?' என்று கேட்டுவிட, அறை முழுக்கச் சிரிப்பு. அவ்வளவுதான். தம்பி அதுக்கப்புறம் வாயே திறக்கலை.

அவருக்கு மார்க் போனது 'ஆன்' என்கிற சின்ன வார்த்தையால் இல்லை நண்பர்களே, அதுக்குப் பின்னால் வந்த மௌனத்தால்.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்தேன். 'தம்பி, அந்த ஃபேன் எங்கே இருக்கு? தமிழ்ல சொல்லுங்க.'

'மேசைக்கு மேல சார்.'

'மேசை மேல இல்லையா?'

'அது எப்படி சார்? மேசை மேல தட்டுதானே இருக்கு!' சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

கவனிச்சீங்களா? 'மேசை மேல' வேற, 'மேசைக்கு மேல' வேற. முதலாவதில் பொருள் மேசையைத் தொட்டுக்கொண்டு இருக்கு. இரண்டாவதில் நடுவே இடைவெளி இருக்கு. நடுவில் வருகிற அந்த 'க்கு'தான் வித்தியாசம். யாரும் சொல்லித் தராமலே சின்ன வயசிலிருந்து இதைச் சரியாகப் பேசிட்டு வர்றோம். ஆங்கிலத்துக்குப் போனதும் மட்டும் எல்லா 'மேல'வுக்கும் 'ஆன்' போட்டுடறோம்.

முதல் படி இதுதான். 'க்கு' இல்லாத 'மேல' என்றால் பெரும்பாலும் 'ஆன்'. 'க்கு' வந்தால் 'ஓவர்' அல்லது 'அபவ்'.

ஒரு சின்ன எச்சரிக்கை. 'ஆன்' என்பதற்கு உயிர், தொடுவதில்தான் இருக்கு, உயரத்தில் இல்லை. சுவரில் மாட்டிய காலண்டர் 'ஆன் த வால்'. உத்தரத்தில் தலைகீழாக ஓடுகிற பல்லியும் 'ஆன் த சீலிங்'தான். தொட்டுக்கிட்டு இருக்கே!

சரி, 'ஓவர்' எப்போ, 'அபவ்' எப்போ? பல இடங்களில் இரண்டும் சரிதான். நம்ம ஃபேனையே 'ஓவர் த டேபிள்' என்றும் சொல்லலாம், 'அபவ் த டேபிள்' என்றும் சொல்லலாம். யாரும் மார்க் குறைக்க முடியாது. இரண்டும் பிரிகிற இடங்களை மட்டும் மனசில் வெச்சுக்கிட்டாப் போதும்.

கடப்பது, தாண்டுவது என்றால் 'ஓவர்'. சுவர் ஏறிக் குதிப்பது 'ஓவர் த வால்'. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் அன்னிக்கு ரயில் போனதும் சரி, 2025-ல் திறந்த புதுப் பாலத்தில் இப்போ போவதும் சரி, 'ஓவர் த ஸீ'.

மூடுவது என்றாலும் 'ஓவர்'. மழைக்கு பைக்கைக் கவர் போட்டு மூடினால் அது 'ஓவர் த பைக்'. இங்கே தொட்டுக்கொண்டு இருந்தாலும் பரவாயில்லை, மூடுவதுதான் முக்கியம்.

ஒரு மட்டத்தை வைத்து அளப்பது என்றால் 'அபவ்'. எவரெஸ்டின் உயரம் 8,849 மீட்டர் 'அபவ் ஸீ லெவல்'. இங்கே 'ஓவர்' போடக்கூடாது. எவரெஸ்டுக்கு நேர் கீழே கடலா இருக்கு? கடல் மட்டத்தை ஒரு கோடாக வைத்து அளக்கிறோம், அவ்வளவே. 'அபவ் ஜீரோ', 'அபவ் ஆவரேஜ்' எல்லாம் இந்த வகைதான்.

'கீழே'வுக்கும் இதே கணக்குத்தான். மேசைக்கு அடியில் படுத்திருக்கிற பூனை 'அண்டர் த டேபிள்'. கேரளத்துக் குட்டநாட்டில் கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையுது; அது 'பிலோ ஸீ லெவல்'. 'ஓவர்' இருக்கிற இடத்துக்கு எதிரில் 'அண்டர்', 'அபவ்' இருக்கிற இடத்துக்கு எதிரில் 'பிலோ' என்று ஜோடி சேர்த்துக்குங்க.

இப்போ உங்களுக்கு ஒரு குட்டித் தேர்வு. 'ஆன்', 'ஓவர்', 'அபவ்' மூன்றில் எது வரும்?

1. கையில் உட்கார்ந்திருக்கிற கொசு.
2. வேலியைத் தாண்டிக் குதித்த ஆடு.
3. சராசரிக்கு மேல் பெய்த மழை.
4. தூங்குகிற குழந்தைக்குப் போர்த்திய போர்வை.

விடைகள்: 1. ஆன், 2. ஓவர், 3. அபவ், 4. ஓவர்.

நாலும் சரியா? சபாஷ்! ஒண்ணு ரெண்டு தப்பா? கவலையே வேண்டாம். இன்டர்வியூவில் இப்படித் தப்பு வந்தால், 'சாரி, ஐ மீன் ஓவர் த டேபிள்' என்று திருத்திட்டு, அடுத்த வாக்கியத்துக்குப் போய்க்கிட்டே இருங்க. எதிரில் இருப்பவர் சிரிச்சா கூடச் சேர்ந்து சிரிங்க. பேச்சை மட்டும் நிறுத்திடாதீங்க.