எந்தத் திறமை இல்லை?

'சேரிப் பசங்களுக்கு வேலை இருக்கு, திறமைதான் இல்ல.' அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. அதன் நிழலிலேயே மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் எங்களுக்கு இன்றைக்கும் இதே பதில்தான்.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவன். ஒரு கம்பெனியில் மைக்ரோமீட்டரைக் கொடுத்து அளக்கச் சொன்னார்கள். சரியாக அளந்தேன். அடுத்த கேள்வி: 'வீடு எந்தப் பக்கம்?' காலனி என்றேன். 'சொல்லி அனுப்புறோம்' என்றார்கள். மைக்ரோமீட்டருக்கும் காலனிக்கும் என்னய்யா சம்பந்தம்?

சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்கள், பெயர் மட்டும் வேறு. தலித் பெயர்களைத் தனியார் நிறுவனங்கள் குறைவாகவே அழைத்தன. நம்ம ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி கிடையாது என்று பெருமை பேசுகிறோம். அதனாலென்ன, தெருப் பெயர் இருக்கே!

கழிவுநீர்த் தொட்டியில் இறக்க மட்டும் எவனும் சர்டிபிகேட் கேட்பதில்லை. பாதுகாப்பில்லாமல் இறக்கக் கூடாதென்று 2013-ல் சட்டம் வந்தது. அப்புறமும் இறக்குகிறார்கள், விஷவாயுவில் சாகிறோம். அங்கே பிறப்பே தகுதி. லேத்துக்கு முன்னால் அதே பிறப்பு தகுதிக்குறைவு.

பயிற்சி வேண்டாமென்று சொல்லவில்லை. தாராளமாகக் கொடுங்கள். கூடவே, எத்தனை தலித்துகள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை எடுத்தீர்கள், மற்றவர்களை ஏன் திருப்பினீர்கள் என்று கணக்கையும் வெளியில் வையுங்கள். இடஒதுக்கீட்டைத் தனியார் கம்பெனிக்குள்ளும் விடுங்கள். திறமையைப் பற்றி அப்புறம் பேசலாம்.