வீட்டுக்கு வரும் சிற்றுயிரும் நம் பிள்ளைகளும்



முதல் நன்மை, பிறந்தநாள், நத்தார் முதலிய நாட்கள் நெருங்கும்போது பிள்ளைகள் நம்மிடம் கேட்கும் பரிசுகளுள் நாய்க்குட்டியும் ஒன்று. பிள்ளையின் முகம் மலர வேண்டும் என்ற ஆசையில் நாமும் எங்கிருந்தோ ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுத்தால், அலுத்தபின் அதைச் சுவரோரம் சாத்தி வைத்துவிடலாம். உயிருள்ள ஒன்றை அவ்வாறு சாத்தி வைக்க முடியாது. ஆகவே நாய்க்குட்டியைப் பிள்ளைக்குக் கொடுக்கும் பரிசாகக் கருதுவதை நாம் கைவிட வேண்டும். அது முழுக் குடும்பத்திடமும் ஒப்படைக்கப்படும் உயிர். அதற்குப் பொறுப்பாளிகள் பெரியவர்களே.

விவிலியத்தில் தோபித்து நூலை வாசிப்போர் அதில் வரும் நாயைக் கவனித்திருப்பர். இளைஞன் தோபியா வானதூதர் இரபேலுடன் நெடும்பயணம் புறப்படுகையில் நாயும் உடன் செல்கிறது. வீடு திரும்புகையிலும் பின்தொடர்கிறது. அதற்குப் பெயர் கூறப்படவில்லை. அது எந்த அற்புதமும் செய்யவில்லை. ஆயினும் குடும்பத்தின் பயணத்தில் அதற்கும் ஓர் இடம் உண்டு. 1992ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட திருச்சபையின் மறைக்கல்வி நூலும், விலங்குகளிடம் நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள் என்றும், தேவையின்றி அவற்றை வதைப்பது மனித மாண்புக்கு முரணானது என்றும் கற்பிக்கின்றது. மனிதருக்கு மட்டுமே உரிய அன்பை விலங்குகளுக்கு மாற்றிவிடலாகாது என எச்சரிப்பதும் அதே நூல்தான். இவ்விரண்டையும் சமநிலையில் கற்றுக்கொள்ளும் முதற் பள்ளிக்கூடம் வீடே.

குட்டியைக் கொண்டுவருமுன் குடும்பமாக அமர்ந்து பேசுங்கள். நாய் ஒன்று சாதாரணமாக 10 முதல் 13 ஆண்டுகள் வரை வாழும். இன்று 8 வயதில் முதல் நன்மை வாங்கும் பிள்ளை, அந்நாய் முதுமையடையும்போது 20 வயதை எட்டியிருக்கும். இடையில் பரீட்சைகள் வரும், மேற்படிப்பு வரும், ஒருவேளை வெளிநாட்டுப் பயணமும் வரும். காலையில் சோறு வைப்பவர் யார்? மடுத் திருவிழாவுக்குக் குடும்பமாகப் புறப்பட்டால் பார்த்துக்கொள்பவர் யார்? மிருக வைத்தியரிடம் கொண்டு செல்பவர் யார்? இவற்றுக்கு விடை காணாத வீட்டில் குட்டியைச் சேர்க்காமலிருப்பதே அதற்கு நாம் செய்யும் நன்மையாகும்.

குட்டி குறைந்தது 8 வாரங்களாவது தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருக்க வேண்டும். எவ்வளவு பலமாகக் கடித்தால் மற்றதற்கு நோகும் என்பதை அது அங்கேதான் விளையாட்டாகக் கற்றுக்கொள்கிறது. கண் திறந்தவுடன் பிடுங்கிக் கொண்டுவரப்படும் குட்டி இந்தப் பாடத்தை இழந்துவிடுகிறது. அந்த இழப்பின் விளைவு நம் பிள்ளைகளின் கைகளிலேயே தெரியும்.

வீட்டுக்கு வரும் நாள் அமைதியான நாளாக இருக்கட்டும். நத்தார் இரவின் வெடிச்சத்தமும் விருந்தினர் கூட்டமும், தாயைப் பிரிந்து வந்த குட்டியை நடுங்க வைக்கும். பாடசாலை விடுமுறை நாளொன்றின் காலைப்பொழுது பொருத்தமானது. பிள்ளைகளைத் தரையில் அமரச் செய்து, ஒவ்வொருவராகப் பழக விடுங்கள். பிள்ளை குட்டியை நோக்கி ஓடாமல், குட்டி பிள்ளையிடம் வந்து மணந்து பார்க்கும்வரை காத்திருக்கட்டும். தலைக்கு மேலே கையை நீட்டாமல் நெஞ்சையோ முதுகையோ மெல்லத் தடவட்டும். கட்டி அணைப்பதும், முன்னங்கால்களைப் பிடித்துத் தூக்குவதும், வாலை இழுப்பதும் வேண்டாம். சில நிமிடங்கள் போதும். பின்னர் குட்டி உறங்கட்டும். கைக்குழந்தையைப் போல அதுவும் நாளின் பெரும்பகுதியை உறக்கத்திலேயே கழிக்கும்.

வீட்டின் ஒரு மூலையில் சாக்கு விரித்து அதற்கென ஓரிடம் ஒதுக்குங்கள். அங்கே அது படுத்திருக்கும்போதும், உணவு உண்ணும்போதும் எந்தப் பிள்ளையும் நெருங்கலாகாது என்பது வீட்டின் சட்டமாகட்டும். விளையாட்டில் குட்டி கையைக் கடித்தால் கூச்சலிட்டு ஓடாமல், மரம்போல் அசையாது நிற்கப் பழக்குங்கள். ஓடும் பிள்ளையைத் துரத்துவதைக் குட்டி விளையாட்டென்றே எண்ணும். கையை விடுவித்து, கடிப்பதற்கு வேறொரு பொருளைக் கொடுங்கள். அடிக்க வேண்டாம். அடிபட்டு வளரும் நாய் மனிதரின் கையைக் கண்டு அஞ்சும்; அஞ்சும் நாயே கடிக்கும்.

சிறு பிள்ளைகளைக் கடிப்பவை பெரும்பாலும் அவர்களுக்குப் பழக்கமான நாய்களே என்பதைப் பலர் அறிவதில்லை. பாயில் கிடத்திய குழந்தையையும் நாயையும், அது எவ்வளவு சாதுவானதாயினும், ஒரு கணமும் தனியே விட்டுச் செல்லலாகாது. முகத்தைத் திருப்புதல், உதட்டை நக்குதல், வாலை ஒடுக்குதல், உடலை விறைத்துக்கொள்ளுதல் ஆகியவை "போதும், என்னை விடு" என்று அது கூறும் மொழி. உறுமல் அதன் இறுதி எச்சரிக்கை. உறுமியதற்காக நாயைத் தண்டித்தால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும். வாய்பேச முடியாத ஒன்றின் மறுப்பை மதிக்கக் கற்ற பிள்ளை, நாளை தன் தம்பியினதும் வகுப்புத் தோழியினதும் மறுப்பையும் மதிக்கும்.

உடல்நலம் பற்றியும் கூறியாக வேண்டும். குட்டியைக் கொண்டுவந்தவுடன் மிருக வைத்தியரிடம் காட்டி, பூச்சி மருந்தும் விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் பற்றி ஆலோசனை பெறுங்கள். தடுப்பூசியை வைத்தியர் கூறும் காலத்தில் தவறாது மீண்டும் போடுங்கள். குட்டியோடு விளையாடியபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவதைப் பழக்கமாக்குங்கள். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிர் பிழைப்பது அரிதிலும் அரிது. சந்தேகத்துக்குரிய மிருகங்களால் கடியுண்போரில் 100க்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் திகதி பாரிஸில் லூயி பாஸ்டரின் தடுப்பு மருந்தைப் பெற்று உயிர்தப்பிய ஜோசப் மைஸ்டரும் 9 வயதுச் சிறுவனே. குட்டிதானே என்று எண்ணாமல், கடியோ கீறலோ ஏற்பட்டால் ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடங்கள் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக் காலத்தை வீணாக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "கடித்தால் எங்களிடம் சொல், ஏசமாட்டோம்" என்று பிள்ளைக்கு முன்கூட்டியே வாக்களியுங்கள். ஏச்சுக்கு அஞ்சிக் காயத்தை மறைக்கும் பிள்ளையின் உயிரே ஆபத்துக்குள்ளாகிறது.

பிள்ளைகளுக்குச் சிறு பொறுப்புகளைப் பகிர்ந்தளிப்பது நல்லது. 5 வயதுப் பிள்ளை தண்ணீர்ப் பாத்திரத்தை நிரப்பலாம். 10 வயதுப் பிள்ளை பெரியவர் பார்த்திருக்கச் சோறு வைக்கலாம். ஆனால் பிள்ளை மறந்துவிட்டது என்பதற்காக நாய் பட்டினி கிடக்கலாகாது. மறதியைத் திருத்துவது நம் கடமை. அதற்கான தண்டனையை அந்த வாயில்லா உயிர் சுமக்கலாகாது.

இறுதியாக, மனதை உறுத்தும் ஒன்றையும் கூறாதிருக்க முடியாது. குட்டி வளர்ந்து தொல்லையானதும், அல்லது பெண் நாய் என்று தெரிந்ததும், இரவோடிரவாகச் சந்தையடியிலோ கோயில் வளவிலோ கொண்டுபோய் விடும் வழக்கம் நம்மிடையே உண்டு. பெண் நாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்கும் வழி இருக்கையில் இது எவ்வாறு நியாயமாகும்? 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, வளர்த்த உயிர்களை விட்டுச்செல்ல நேர்ந்தவர்கள் பலர். அது நிர்ப்பந்தம், நமக்கே புகலிடம் தெரியாத இரவு அது. அந்த வேதனையை அறிந்த சமூகம், இன்று வசதிக்காக ஓர் உயிரைத் தெருவில் விடலாமா? காலையில் எழுந்து வெறும் சாக்கைக் காணும் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? பயனற்றுப்போன உயிரை அகற்றிவிடலாம் என்பதைத்தானே? அப்பிள்ளை வளர்ந்தபின், முதுமையில் தளர்ந்த நம்மைப் பார்க்கும்போதும் அந்தப் பாடம் அதன் நெஞ்சில் இருக்கும்.

எனவே அன்பான பெற்றோரே, குட்டி வேண்டும் என்று பிள்ளை கேட்கும்போது உடனே ஆம் என்றோ இல்லை என்றோ கூறாதீர்கள். அன்று இரவு குடும்பச் செபத்தின்பின் எல்லோரும் கூடிப் பேசுங்கள். ஏற்பதாயின் அதன் இறுதி நாள்வரை ஏற்றுக்கொள்ளுங்கள். இயலாதாயின், ஏன் இயலாது என்பதைப் பிள்ளைக்கு விளக்குங்கள். அந்த விளக்கத்திலிருந்தும் உயிரின் மதிப்பைப் பிள்ளை கற்றுக்கொள்ளும். நம்மை நம்பி வாசற்படி ஏறும் சிற்றுயிரை இறுதிவரை காக்கும் மனத்தை இறைவன் நம் இல்லங்களுக்கு அருள்வாராக.