காதுக்குள் நெரிசல்

றொக் இசை என்றால் நம்மில் பலருக்கு அது பிள்ளைகளின் அறைக் கதவுக்குப் பின்னால் கேட்கும் சத்தம். "உதைக் கொஞ்சம் குறை" என்று சொல்லிவிட்டு நமது வேலையைப் பார்க்கிறோம். இம்முறை அந்தச் சத்தத்தின் பக்கமாகவே காதைத் திருப்புவோம். ஆங்கிலக் குழுக்களைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நாம் பேசப்போவது எபிரேய மொழியில், அதாவது ஹீப்ருவில் பாடிய ஒரு குழுவைப் பற்றியும், 1975ஆம் ஆண்டு அது வெளியிட்ட கடைசி இசைத்தட்டைப் பற்றியும்.

குழுவின் பெயர் கவெரெட். தேன்கூடு என்று பொருள். ஏழு இளைஞர்கள் 1973இல் ஒன்றுசேர்ந்தார்கள், 1976இல் பிரிந்துவிட்டார்கள். இடையில் வெளியிட்டவை மூன்றே மூன்று இசைத்தட்டுகள். கடைசித் தட்டின் பெயர் 'ட்சஃபூஃப் பாஓஸென்'. தமிழில் 'காதுக்குள் நெரிசல்' என்று சொல்லலாம். இஸ்ரேலில் தாத்தாவும் பேரனும் சேர்ந்து முணுமுணுக்கக்கூடிய பாடல்கள் இவர்களுடையவை. மூன்று வருடம் மட்டும் இருந்த ஒரு குழுவுக்கு இவ்வளவு ஆயுள் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை தேடப் போனால், இசையிலே தொடங்கி மொழியிலே போய் நிற்க வேண்டியிருக்கிறது.

எபிரேயம் பழைய மொழி. ஆனால் ஏறக்குறைய 1,700 ஆண்டுகளாக அது எவருக்கும் தாய்மொழியாக இருக்கவில்லை. வழிபாட்டில் இருந்தது, நூல்களில் இருந்தது, கடிதங்களில் இருந்தது, அடுப்படியில் இருக்கவில்லை. எலியேசர் பென் யெஹுதா என்பவர் 1881இல் ஜெருசலேமுக்கு வந்து, இந்த மொழியை மறுபடியும் வீட்டில் பேசவைப்பது என்று உறுதி கொண்டார். அடுத்த ஆண்டு பிறந்த மகனின் காதில் எபிரேயம் தவிர வேறு மொழி எதுவும் விழக்கூடாது என்று கட்டளையிட்டார். அந்தப் பிள்ளை வெகுகாலம் வாய் திறக்கவில்லை. ஒருநாள் தாய் தன்னை மறந்து ருஷ்ய மொழியிலே தாலாட்டுப் பாட, தந்தை கொதித்தெழுந்ததை அந்த மகனே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். அகராதி, பத்திரிகை, பொம்மை போன்ற சாதாரண பொருட்களுக்குக்கூடப் புதுச் சொற்களை உருவாக்கவேண்டிய நிலை. இப்படித்தான் அந்த மொழி மீண்டும் நடக்கப் பழகியது. 1922இல் பிரித்தானிய ஆட்சி ஆங்கிலம், அரபு ஆகியவற்றோடு எபிரேயத்தையும் ஆட்சிமொழியாக ஏற்றுக்கொண்டது.

இந்த வெற்றிக்குக் கொடுக்கப்பட்ட விலையையும் சொல்லவேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களின் வீட்டுமொழியான யித்திஷ் தெருவிலே இகழப்பட்டது. "எபிரேயனே, எபிரேயம் பேசு" என்று சுவரொட்டி ஒட்டிய மொழிக் காவல்படை ஒன்று 1920களில் டெல் அவிவ் நகரில் இயங்கியது. 1948இல் ஏறக்குறைய ஏழு இலட்சம் பாலஸ்தீனியர் அதே மண்ணிலிருந்து அகதிகளானார்கள். அங்கேயே தங்கிவிட்டவர்களின் அரபு மொழி 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஆட்சிமொழி நிலையை இழந்தது. அகதி என்ற சொல்லின் பாரத்தைத் தெரிந்த நாம், ஒரு மொழியின் எழுச்சியைப் பற்றிப் பேசும்போது மற்ற மொழிக்கு நடந்ததை மறைத்துப் பேச முடியாது.

இப்படிக் காவல் போட்டு வளர்த்த மொழியில் பாட்டுகளும் பெரும்பாலும் கடமைப் பாட்டுகளாகவே இருந்தன. மண், உழைப்பு, படை, தியாகம். இராணுவத்திலேயே பாட்டுக் குழுக்கள் இருந்தன. 1965இல் நடக்கவிருந்த பீற்றில்ஸ் குழுவின் நிகழ்ச்சிக்கு இஸ்ரேல் அதிகாரிகள் இடங்கொடுக்கவில்லை. இளைஞர் கெட்டுப்போவார்கள் என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். ஆனாலும் இளைஞர்கள் கிற்றாரைத் தூக்கிவிட்டார்கள். முதலில் ஆங்கிலத்தில்தான் பாடினார்கள். 1965இல் தொடங்கிய சேர்ச்சில்ஸ் என்ற குழு அப்படிப்பட்டது. றொக் என்றால் ஆங்கிலம், தாய்மொழி என்றால் கடமை என்று இரண்டு அறைகளாகப் பிரிந்து கிடந்தது அவர்களுடைய காது. அந்தச் சுவரை உடைக்கத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் அரிக் ஐன்ஸ்டைன். இவர் 1969இலும் 1970இலும் வெளியிட்ட தட்டுகள் எபிரேய றொக் இசைக்குப் பாதை வெட்டின.

அந்தப் பாதையில் ஆரவாரத்தோடு வந்தது கவெரெட். ஏழு பேர் யார் யார் என்று பாருங்கள். பாடகர் கிடி கோவ். பியானோவும் மற்ற விசைப்பலகைகளும் யோனி ரெக்டர். மேளம் 'பூகி' என்ற பட்டப்பெயர் கொண்ட மெயிர் ஃபெனிக்ஸ்டைன். கிற்றார் வாசித்த மூவரில் இட்ஸ்ஹாக் கிளெப்டர், முன்பு சேர்ச்சில்ஸ் குழுவில் இருந்தவர். இன்னொரு கிற்றார் எஃப்ரயிம் ஷமீர். பேஸ் கிற்றார் அலோன் ஒலியார்சிக். இந்த இருவரும் போலந்தில் பிறந்து சிறுவயதில் குடும்பத்தோடு வந்து குடியேறியவர்கள். மூன்றாவது கிற்றார் டானி சாண்டர்சன். இவர் இஸ்ரேலில் பிறந்தாலும் பள்ளிப் பருவத்தில் சில வருடங்களை நியூயோர்க்கில் கழித்தவர். பாடல்களில் பெரும்பாலானவற்றின் வரிகளை எழுதியவர் இவரே.

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். எபிரேயத்தில் அதற்கு முன் கேட்டிராத குறும்பையும் சொல் விளையாட்டையும் கொண்டுவந்தவர், ஆங்கிலத்தின் நடுவே சில வருடம் வளர்ந்த ஒரு பையன். அவரோடு நின்ற இருவர் வேறு மொழி பேசிய தேசத்தில் பிறந்த பிள்ளைகள். இரண்டு மொழிக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைக்குத் தன் மொழி கொஞ்சம் வினோதமாகக் கேட்கும். நமக்குப் பழகிப்போய்ச் செத்துக்கிடக்கும் சொல் அந்தப் பிள்ளையின் காதில் உயிரோடு துள்ளும். பகிடி அங்கிருந்துதான் பிறக்கிறது என்பது நமது எண்ணம்.

1973இல் வந்த முதல் தட்டு 'பூகியின் கதைகள்'. அதில் ஒரு பாட்டு பலசரக்குக் கடையைப் பற்றியது. இன்னொன்று பாரூக் என்ற ஒருவனின் சப்பாத்தைப் பற்றியது. மேடையில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே சிறு சிறு நகைச்சுவைக் காட்சிகள். அதே ஆண்டு ஒக்டோபரில் போர் வந்து நாடே துக்கத்தில் மூழ்கியது. அந்த நேரத்தில் வீட்டுக்கு வீடு ஒலித்தது இந்தச் சிரிப்பு. சிரிப்பது துக்கத்தை அவமதிப்பதாகும் என்று அந்த மக்கள் நினைக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதம் இங்கிலாந்தின் பிறைற்றன் நகரில் யூரோவிஷன் பாட்டுப்போட்டி. அந்தக் காலத்தில் எந்த மொழியிலும் பாடலாம் என்று விதி இருந்தது. சுவீடனின் அபா குழு ஆங்கிலத்தில் பாடி முதலிடம் பெற்று உலகப் புகழ் அடைந்தது. கவெரெட் எபிரேயத்திலேயே பாடி ஏழாம் இடத்தில் வந்தது. அந்தப் பாட்டை இஸ்ரேலில் இன்றும் பாடுகிறார்கள்.

இனிக் கடைசித் தட்டுக்கு வருவோம். முதல் இரண்டிலும் விட 'காதுக்குள் நெரிசல்' இசையிலே சிக்கலானது. பாட்டின் நடுவே தாளம் மாறும். மெட்டுத் திசை திரும்பும். குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவரும். பெயருக்கேற்ப உண்மையாகவே நெரிசல்தான். முதல் தட்டைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ரசிகர்கள் இதை அதே வேகத்தில் ஏற்றுக்கொள்ளவில்லை. பழைய பகிடியையே திரும்பச் சொல்லியிருந்தால் இன்னும் விற்றிருக்கும். அவர்கள் அதைச் செய்யவில்லை. தங்களுக்குப் பிடித்த இசை அவ்வளவையும் ஒரே தட்டுக்குள் கொண்டுவந்து திணித்தார்கள். 'இந்த மொழியால் இதெல்லாம் முடியுமா?' என்ற கேள்வியே அவர்களுக்கு இருக்கவில்லை. பென் யெஹுதாவின் மகன் பிறந்து அப்போது ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை. யாரும் காவல் நிற்கத் தேவையில்லாத இடத்துக்கு மொழி வந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு பிரிந்தார்கள். ஆனால் தேன்கூடு கலைந்தபின் தேனீக்கள் சும்மா இருக்கவில்லை. சாண்டர்சனும் கிடி கோவும் 1978இல் 'கசோஸ்' என்ற புதுக் குழுவில் சேர்ந்து பாடினார்கள். அதே ஆண்டு, யோனி ரெக்டர் கவிஞர் யெஹோனதன் கெஃபனின் வரிகளுக்கு இசையமைத்து, 'பதினாறாவது ஆட்டுக்குட்டி' என்ற சிறுவர் இசைத்தட்டை வெளியிட்டார். பாடியவர்களில் கிடி கோவும் ஒருவர். புத்தி சொல்லாமல் பிள்ளைகளின் மனதை அவர்களுடைய பேச்சிலேயே பாடிய அந்தத் தட்டைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, இன்று தன் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுக்கிறது. 1984இலும் பின்னர் சில தடவைகளும், கடைசியாக 2013இலும் கவெரெட் குழுவினர் மேடையில் ஒன்றுசேர்ந்தார்கள். கிளெப்டர் 2022இல் காலமானார்.

வந்த நாட்டில் இன்னும் கால் ஊன்றிக்கொண்டிருக்கும் நமக்கு இதில் என்ன இருக்கிறது?

நமது வீடுகளிலும் இரண்டு அறைகள் உண்டு. பள்ளிக்கூட மொழியில் பிள்ளை பகிடி விடுகிறது, சண்டை பிடிக்கிறது, பாட்டுக் கட்டுகிறது. தமிழ் என்று வந்தால் பேச்சுப்போட்டி, திருக்குறள், வந்த விருந்தினருக்கு ஒரு வணக்கம். திருக்குறள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளை, "கத்தரிக்கோலால வெட்டுறதாலயா அம்மா கத்தரிக்காய் எண்டு சொல்லுறது?" என்று கேட்டால் என்ன செய்கிறோம்? "விசர்க்கதை கதைக்காதை" என்று வாயை மூடிவிடுகிறோமா, சேர்ந்து சிரிக்கிறோமா? அந்தக் கேள்வியில்தான் ஒரு சாண்டர்சன் இருக்கிறான். உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே இருந்தால் பிள்ளை திருந்துவதற்கு முன் பேசுவதை நிறுத்திவிடும். ருஷ்யத் தாலாட்டுக்குத் தடை போட்ட வீட்டில் பிள்ளை ஊமைபோல இருந்த கதையை நாம் மேலே பார்த்தோம்.

நமது நிலையும் அவர்கள் நிலையும் ஒன்றல்ல. அவர்கள் மொழிக்குப் பின்னால் ஒரு அரசு நின்றது. பள்ளிக்கூடம், வானொலி, படை எல்லாம் நின்றன. நமது பிள்ளைக்குத் தமிழ் கிடைப்பது வீட்டிலும் வார இறுதியில் இரண்டு மணி நேர வகுப்பிலும்தான். அதனால்தான் அந்த நேரம் முழுவதையும் கடமைக்கே செலவழித்துவிடக் கூடாது.

ஊர்ச் சங்கங்களுக்கும் தமிழ்ப் பாடசாலைகளுக்கும் நமது வேண்டுகோள் சிறியது. அடுத்த கலைவிழாவில் இருபது நிமிடத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்களே எழுதட்டும், அவர்களே கிற்றாரோ மேளமோ வாசிக்கட்டும். 'ழ' சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை. பகிடிகளில் சில நம்மைப் பற்றியதாகவே இருக்கும், அதையும் தாங்கிக்கொள்வோம். ஒத்திகைக்கு ஒரு அறையும், மேடையில் ஒரு ஒலிவாங்கியும், முன்வரிசையில் சிரிக்கத் தயாரான நாலு பெரியவர்களும் இருந்தால் போதும்.